சம்மதத்தோடு முடிந்துவிடும் பாடம்: பொருளியல் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் பொருளியல், வணிகவியல், மேலாண்மைப் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களைப் போல வகுப்பில் நின்று இந்தப் பாடங்களை எடுக்கிறவன். ஒரு துறையையே ஐந்து அலகுக்குள் அடைப்பதில் உள்ள கஷ்டம் எனக்கும் தெரியும். அதனால் புதிதாக ஒரு தாளைச் சேருங்கள் என்று கேட்கப்போவதில்லை. நம் பாடத்தில் ஏற்கெனவே இருக்கிற ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

நுண்ணினப் பொருளியலின் முதல் சில வகுப்புகளில் நாம் எல்லோரும் அதைச் சொல்கிறோம். இரண்டு பேர் தாமாக விரும்பி ஒரு பரிமாற்றம் செய்தால் இருவருக்கும் அதில் நன்மை இருக்கிறது, இல்லாவிட்டால் அவர்கள் அதைச் செய்திருக்கவே மாட்டார்கள். மாணவர்களும் தலையாட்டுகிறார்கள். கோயம்பேட்டில் தக்காளி வாங்குகிறவரை மனத்தில் வைத்துப் பார்த்தால் இதில் மறுக்க ஒன்றுமில்லை. விலை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம், இன்றைக்கு ரசம் வேண்டாம் என்றும் இருந்துவிடலாம்.

சிக்கல் அடுத்த சில வாரங்களில் வருகிறது. அதே வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு போய் உழைப்புச் சந்தையில் வைக்கிறோம். தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டுகிற இடத்தில் கூலி நிற்கிறது. முதலாளியும் சம்மதித்தார், தொழிலாளியும் சம்மதித்தார். அப்புறம் வட்டி, வாடகை, வீடு என்று எல்லாவற்றுக்கும் அதே வாக்கியம். அறம் என்ற பேச்சே எழுவதில்லை. அதற்குத் தனியாக 'வணிக அறவியல்' என்று ஒரு தாள் வைத்திருக்கிறோம். 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புச் செலவு, அதில் மரம் நடுவது, பள்ளிக்குக் கழிப்பறை கட்டுவது. லாபம் வந்த பிறகு செய்கிற காரியம்தான் அறம் என்று மாணவர் புரிந்துகொண்டால் அது அவர் தப்பில்லை. நாம் வைத்திருக்கிற வரிசை அப்படி.

முதலாளித்துவத்தின் மேல் தத்துவம் வைத்த அறக் கேள்வி, லாபத்தை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்ற இடத்தில் எழவில்லை. அந்தச் சம்மதம் எப்படி உண்டாகிறது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்ற இடத்தில் எழுந்தது. நாம் விட்டுவிட்டுப் போகிற இடமும் அதுதான்.

ஆடம் ஸ்மித்திலிருந்தே காட்டலாம். கிளாஸ்கோவில் அவர் வகித்தது அறத் தத்துவப் பேராசிரியர் பதவி என்பதை நாமே ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். 1776-இல் வந்த 'நாடுகளின் செல்வம்' நூலில் 'கண்ணுக்குத் தெரியாத கை' (தன் லாபத்தை மட்டும் பார்ப்பவரும் தன்னையறியாமல் ஊருக்கு நன்மை செய்துவிடுகிறார் என்ற கருத்து) வருவது ஒரே ஒரு தடவை. அதை வைத்து அரைப் பருவம் ஓட்டுகிறோம். அதே நூலின் முதல் பகுதி எட்டாம் அத்தியாயத்தில் கூலி எப்படி முடிவாகிறது என்று அவர் எழுதியதை யாரும் கேள்வித்தாளில் கேட்டு நான் பார்த்ததில்லை. தகராறு வந்தால் முதலாளிதான் அதிக நாள் தாக்குப்பிடிப்பார் என்கிறார் ஸ்மித். நிலக்காரரோ உற்பத்தியாளரோ வணிகரோ ஒரு தொழிலாளியைக்கூட வைக்காமல், கையில் இருப்பதை வைத்து ஓரிரு வருடம் ஓட்டிவிடலாம். தொழிலாளர்களில் பலரால் வேலையில்லாமல் ஒரு வாரம் தாங்க முடியாது. ஒரு மாதம் தாங்குகிறவர் சிலர். ஒரு வருடம் தாங்குகிறவர் அநேகமாக யாருமில்லை. தொழிலாளர் ஒன்றுகூடினால் ஊரெல்லாம் பேச்சாகிறது, கூலியை ஏற்றக் கூடாது என்பதில் முதலாளிகள் சத்தமில்லாமல் எப்போதும் ஒற்றுமையாகவே இருக்கிறார்கள் என்றும் சேர்த்து எழுதுகிறார். வேறோர் இடத்தில், சட்டம் தொழிலாளிக்குச் சாதகமாக இருந்தால் அது எப்போதும் நியாயமானது, முதலாளிக்குச் சாதகமாக இருந்தால் சில சமயம் அப்படியில்லை என்கிறார். இது மார்க்ஸ் பிறப்பதற்கு நாற்பது வருடம் முன்பு எழுதப்பட்டது.

ஒரு வாரம் தாங்குகிறவருக்கும் இரண்டு வருடம் தாங்குகிறவருக்கும் நடுவில் நடக்கிற பேரத்தில் கையெழுத்து இரண்டு பக்கமும் விழுகிறது. ஆனால் அந்த இரண்டு கையெழுத்துக்கும் எடை ஒன்றா?

இந்தக் கேள்வியை அரிஸ்டாட்டில் வேறு வழியாக எழுப்பியிருக்கிறார். புயலில் மாட்டிய கப்பலின் தலைவன் சரக்கைக் கடலில் கொட்டுகிறான். அவன் கையைப் பிடித்து யாரும் தள்ளவில்லை. யோசித்து, தானே செய்கிறான். அந்த அர்த்தத்தில் அது விரும்பிச் செய்தது. ஆனால் புயல் இல்லாத நாளில் புத்தியுள்ள எவனும் சரக்கைக் கொட்டமாட்டான். இப்படிப்பட்ட செயலைக் கலப்பானது என்கிறார் அவர்: விருப்பமும் உண்டு, விருப்பமின்மையும் உண்டு. நம் பாடத்தில் விருப்பம், கட்டாயம் என்று இரண்டு பெட்டிகள்தான் இருக்கின்றன. இடையில் மூன்றாவது ஒன்று இருப்பதாக மாணவருக்குச் சொல்லப்படுவதே இல்லை.

எதிர்த்தரப்பையும் முழுப் பலத்தோடு சொல்லித்தர வேண்டும், இல்லாவிட்டால் இது பாடமாகாது, பிரசாரமாகிவிடும். சம்மதம் இருந்தால் போதும் என்கிற அந்தத் தரப்பில் நான் பார்த்ததில் கூர்மையானவர் அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக். 1974-இல் வந்த தன் நூலில் அவர் ஒரு கணக்குப் போடுகிறார். இருபத்தாறு ஆண்கள், இருபத்தாறு பெண்கள். எல்லோருக்கும் திருமணம் செய்துகொள்ள ஆசை. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்தவரைத் தேர்ந்துகொண்டே வருகிறார்கள். கடைசியில் மிஞ்சிய இருவருக்கு ஒருவரையொருவர் மணப்பது, அல்லது தனியாக இருப்பது என்ற இரண்டே வழி. அதற்காக அவர்கள் கட்டாயக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று சொல்வோமா? மற்ற ஐம்பது பேரும் தங்கள் உரிமைக்குள் நின்றுதானே முடிவெடுத்தார்கள்? அதேபோலத்தான் வேலை அல்லது பட்டினி என்று நிற்கிற தொழிலாளியும் என்கிறார் நோசிக். மற்றவர்கள் யாருடைய உரிமையையும் மீறாமல் செய்த தேர்வுகள் சேர்ந்து ஒருவனுடைய வழிகளைக் குறுக்கிவிட்டால், அவன் மிச்சமிருப்பதில் ஒன்றை எடுப்பது விரும்பி எடுப்பதுதான்.

இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், ஐந்து நிமிடம் யாரும் பேசமாட்டார்கள். பதில் சுலபமில்லை.

பதில் சொல்ல வந்தவர் தத்துவவாதி ஜி.ஏ. கோஹன். மாண்ட்ரியலில் ஆடைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானவர். நோசிக் கட்டாயம் என்பதற்குக் கொடுக்கிற வரையறையிலேயே கோளாறு என்றார் அவர். நியாயமாகத் தண்டிக்கப்பட்டுச் சிறையில் இருப்பவன் விஷயத்தில் யாருடைய உரிமையும் மீறப்படவில்லை. அதனால் அவன் விரும்பித்தான் உள்ளே இருக்கிறானா? ஒருவன் கட்டாயத்தில் இருக்கிறானா என்பது ஒரு கேள்வி, அந்தக் கட்டாயம் நியாயமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் சொத்துரிமை முதலிலேயே வென்றுவிடுகிறது, விவாதத்துக்கே இடமில்லாமல் போகிறது.

கோஹன் 1980-களில் இன்னொரு சோதனையும் சொன்னார். ஓர் அறையில் பத்துப் பேர் பூட்டப்பட்டிருக்கிறார்கள். ஒரு சாவி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திறந்து வெளியே போகலாம், ஆனால் ஒருவர் போனதும் கதவு மற்றவர்களுக்கு நிரந்தரமாக மூடிவிடும். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொருவரும் சுதந்திரமானவரே. கூட்டமாகப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு வழியில்லை. 'உழைத்தால் யாரும் முதலாளி ஆகலாம்' என்ற பேச்சைத் தொழில்முனைவோர் மேம்பாட்டுத் தாளில் வருடம் முழுக்கச் சொல்கிறோமே, அதன் பக்கத்தில் வைத்துப் படிக்க இதைவிட நல்ல இரண்டு பக்கம் எனக்குத் தெரியாது. அந்தப் பேச்சு பொய்யில்லை. ஒருவருக்கு உண்மையாக இருப்பது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியாது, அவ்வளவுதான்.

முதலாளித்துவத்தைக் குறை சொல்கிறவர்கள் பக்கமும் ஒரு சோம்பல் உண்டு, அதையும் மாணவருக்குச் சொல்லத்தான் வேண்டும். கூலி ஒப்பந்தம் என்பதே ஏமாற்று என்று ஒரே மூச்சில் தள்ளுகிறவர்கள், நம் ஊரில் அதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். தஞ்சைப் பண்ணையில் பரம்பரையாகக் கட்டுண்டு கிடந்தவருக்கு, 'என் உழைப்பு என்னுடையது, இஷ்டமிருந்தால் விற்பேன், இல்லாவிட்டால் வேறு ஊர் போவேன்' என்பது எவ்வளவு பெரிய விடுதலை! பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல்தான் வந்தது. உழைப்புச் சந்தைக்குள் நுழையும் சுதந்திரமே ஒரு வளர்ச்சி என்று அமர்த்தியா சென் வாதிட்டது இதை மனத்தில் வைத்துத்தான். அடிமை முறைக்கும் கூலி முறைக்கும் வித்தியாசமில்லை என்று மார்க்ஸே சொல்லமாட்டார். சுரண்டப்படுவதைவிட மோசம், சுரண்டக்கூட ஆளில்லாமல் கிடப்பது என்ற பொருளில் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1962-இல் எழுதினார். இதெல்லாம் சம்மதத்துக்கு மதிப்பு உண்டு என்று காட்டுகிறது. ஆனால் அந்த மதிப்பை வைத்து மற்ற எல்லாக் கேள்வியையும் மூடிவிட முடியுமா என்பது தனியாக நிற்கிறது.

அதைச் சோதித்துப் பார்க்க நாம் எங்கேயும் போக வேண்டாம். சிறுநீரகம் விற்றவர்கள் நிறைந்திருந்ததால் சென்னை வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று பத்திரிகைகள் எழுதிய காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பாடப்புத்தகச் சம்மதத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. விற்கிறவருக்குப் பணம் வேண்டும், வாங்குகிறவருக்கு உயிர் வேண்டும், இருவரும் வயது வந்தவர்கள், இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பேருக்கும் நன்மை என்றுதான் நம் வாக்கியம் சொல்லும். உறுப்பு வணிகத்தைத் தடைசெய்து 1994-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

அதன் பிறகு சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் எடுத்த ஆய்வு ஒன்று 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. விற்றவர்களில் 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். சராசரிக் குடும்ப வருமானம் விற்ற பிறகு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடனுக்காக விற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆய்வு நடந்தபோதும் கடனிலேயே இருந்தார்கள். இன்னொருவருக்கு இதைச் செய்யச் சொல்வீர்களா என்று கேட்டதற்கு 79 சதவீதம் பேர் மாட்டோம் என்றார்கள். பரிமாற்றம் செய்தவருக்கு நன்மை இருக்கும் என்று ஊகிக்கிறோமே, அந்த ஊகத்தை நேரடியாகப் போய்க் கேட்டுப் பார்த்த ஆய்வு இது. புள்ளியியல் தாளில்கூட இதை வைக்கலாம்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அதே சென்னையில் சிறுநீரகம் விற்ற பெண்களிடம் பேசிய மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹன் (இவர் வேறு கோஹன்) கவனித்தது அது. எந்தப் பகுதியில் சிறுநீரகம் விலைபோகிறதோ, அங்கே வட்டிக்குக் கொடுப்பவர்கள் கடனை இன்னும் இறுக்கி வசூலிக்கிறார்கள். ஏனென்றால் கடன் வாங்கியவரிடம் விற்க இன்னும் ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். சந்தைகளின் அறம் பற்றி 2010-இல் நூல் எழுதிய தத்துவவாதி டெப்ரா சாட்ஸ் இதை எடுத்துக்கொண்டு மேலே போகிறார். ஒருவர் விற்கலாம் என்று வழி திறந்தால், விற்க விரும்பாதவரின் நிலைமையும் மாறிவிடுகிறது. நேற்றுவரை அவர் உடம்பு அவருடையது. இன்றைக்கு அது எழுதிவைக்காத அடமானம். ஒப்பந்தத்தில் இல்லாத மூன்றாவது ஆளுக்கு வருகிற பாதிப்பைப் புறவிளைவு என்று நாம் ஆலைப் புகையை வைத்துச் சொல்லித்தருகிறோம். சம்மதத்துக்கும் புறவிளைவு உண்டு என்பதை எங்கே சொல்லித்தருகிறோம்?

தடை போட்டால் மட்டும் போதுமா என்று ஒரு மாணவர் கேட்பார். கேட்கட்டும், நல்ல கேள்வி. விற்பதைத் தடுத்துவிட்டுக் கடனை அப்படியே விட்டால் அந்த மனிதருக்கு நாம் என்ன செய்தோம்? 2025-இல் பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் வாங்கப்பட்டதாகப் புகார் எழுந்ததே, சட்டம் வந்து முப்பது வருடம் கழித்து. கடனும் விசைத்தறிக் கூலியும் அப்படியே இருக்கும்போது சட்டம் எவ்வளவு தூரம் போகும் என்ற விவாதம் அங்கிருந்து தொடங்கலாம்.

தத்துவம் மட்டுமல்ல, நம் நாட்டுச் சட்டமே இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறது. வணிகச் சட்டம் எடுக்கும் ஆசிரியர்கள் இதை ஏன் தவிர்க்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் மேம்பாலங்களும் அரங்குகளும் அவசரமாகக் கட்டப்பட்டன. கட்டியவர்கள் வெளி மாநிலங்களிலிருந்து ஜமாதார்கள் (கூலிக்கு ஆள் பிடித்துத் தரும் தரகர்கள்) மூலம் வந்த கூலிகள். குறைந்தபட்சக் கூலி நாளைக்கு 9 ரூபாய் 25 காசு. ஜமாதார் ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொள்ள, கைக்கு வந்தது 8 ரூபாய் 25 காசு. ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. அந்தக் கடிதமே ரிட் மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

யாரும் அந்தத் தொழிலாளர்களைச் சங்கிலி போட்டு இழுத்து வரவில்லை. தாங்களாகத்தான் ரயில் ஏறி வந்தார்கள், தாங்களாகத்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஆனால் செப்டம்பரில் வந்த தீர்ப்பு வேறு மாதிரி யோசித்தது. அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. கட்டாயம் என்பது உடல் பலத்தால் மட்டும் வருவதில்லை, சட்டத்தின் மிரட்டலால் மட்டும் வருவதில்லை. வேறு வழியே இல்லாமல் செய்துவிடுகிற வறுமையும் கட்டாயமே. சட்டப்படி தனக்குச் சேர வேண்டியதைவிடக் குறைந்த கூலிக்கு ஒருவர் வேலை செய்கிறார் என்றால், அவரைப் பசிதான் அதற்குத் தள்ளியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அது கட்டாய உழைப்பு. அடுத்த வருடமே ராஜஸ்தானில் பஞ்ச நிவாரண வேலைக்குக் குறைந்த கூலி கொடுத்த வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே வழியில் போனது.

அரிஸ்டாட்டிலின் மூன்றாவது பெட்டி நம் அரசியல் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் எடுக்கும்போது 'சுதந்திரமான சம்மதம்' என்ற தலைப்பில் வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான தகவல், பிழை என்று ஐந்தையும் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அந்தப் பட்டியலுக்கு அடியில் இந்தத் தீர்ப்பை ஒரு பத்தி சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

இந்த இடத்தில் அம்பேத்கரைக் கொண்டுவராமல் இருக்க முடியாது. நம் பாடத்திட்டங்களில் அவர் இருக்கிறார், இல்லையென்று சொல்லவில்லை. 'இந்தியப் பொருளியல் சிந்தனை' என்ற அலகில் நௌரோஜிக்கும் காந்திக்கும் பக்கத்தில், ரூபாயின் சிக்கல் பற்றிய 1923 நூலின் பெயரோடு, ஐந்து மதிப்பெண் சிறுகுறிப்பாக இருக்கிறார். அவர் 1947-இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் நம் வாக்கியத்துக்கு நேரடிப் பதில் இருக்கிறது. வேலையில்லாத ஒருவரிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுங்கள் என்கிறார்: ஏதோ ஒரு கூலி, நேர வரம்பு கிடையாது, சங்கத்தில் சேரக் கூடாது, பேச்சுச் சுதந்திரமும் வழிபாட்டுச் சுதந்திரமும் விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் சந்தேகம் உண்டா? அப்படியானால் அடிப்படை உரிமைகள் அவருக்கு எதற்கு? அரசு தலையிடாமல் விலகிக்கொண்டால் சுதந்திரம் மிஞ்சும் என்கிறார்களே, அது யாருடைய சுதந்திரம்? நிலக்காரர் வாடகையை ஏற்றவும், முதலாளி வேலை நேரத்தைக் கூட்டிக் கூலியைக் குறைக்கவும் உள்ள சுதந்திரம். அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுதலை என்று சொல்லப்படுவது தனியார் முதலாளியின் சர்வாதிகாரத்துக்கு இன்னொரு பெயர் என்று முடிக்கிறார்.

இதை எழுதியவர் கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளியலில் பட்டம் பெற்றவர், வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர். தொழிற்சாலையில் வாரத்துக்கு 54 மணி நேர வேலையை 48 ஆகக் குறைத்த 1946 சட்டம் அவர் காலத்து மசோதா. தொழிலிடத்தில் நடப்பது ஒருவகைத் தனியார் ஆட்சி, அதில் ஆளப்படுபவருக்குக் குரலில்லை என்று அமெரிக்கத் தத்துவவாதி எலிசபெத் ஆண்டர்சன் 2017-இல் எழுதிய நூலைப் பெரிதாகக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டிய நூல்தான். 'பிடிக்காவிட்டால் வேலையை விட்டுப் போகலாமே' என்ற வாதத்துக்கு அவர் சொல்லும் பதில், இத்தாலியர்கள் நாட்டைவிட்டுப் போக முடிந்ததால் முசோலினி சர்வாதிகாரி இல்லை என்று ஆகிவிடுமா என்பது. ஆனால் சர்வாதிகாரம் என்ற அந்தச் சொல்லை எழுபது வருடம் முன்பே அம்பேத்கர் அதே இடத்தில் வைத்துவிட்டார். நம் வகுப்பறை வழியாக அது மாணவருக்கு வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்திருந்தால் 2023 ஏப்ரலில் நடந்ததை அவர்கள் இன்னும் நன்றாகப் புரிந்துகொண்டிருப்பார்கள். 21-ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் திருத்தம் அது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, விரும்புகிற தொழிலாளர்களுக்கு மட்டும்தான் என்பது அரசு தரப்பு விளக்கம். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்தன. 24-ஆம் தேதி நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அந்தப் பத்து நாள் விவாதம் முழுக்க 'விரும்புகிற' என்ற ஒற்றை நிபந்தனையைச் சுற்றித்தான் நடந்தது. சூப்பர்வைசர் முன்னால் நின்று விரும்பவில்லை என்று யார் சொல்வார்? 1905-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே தர்க்கத்தில்தான் நியூயார்க் ரொட்டிச் சூளைத் தொழிலாளருக்கான பத்து மணி நேரச் சட்டத்தை ரத்து செய்தது. அதிக நேரம் உழைக்க ஒப்புக்கொள்ளும் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாதாம். அந்தப் பார்வையிலிருந்து அமெரிக்கா மீள 1937 வரை ஆனது. வேலை நாளின் நீளம் பற்றி மார்க்ஸ் எழுதியது இங்கே பொருந்தும்: வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் சமமான உரிமை இருந்தால், முடிவு செய்வது பலம்.

உணவு கொண்டுவரும் இளைஞரைப் 'பார்ட்னர்' என்று அழைக்கிற காலத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூடுகிறது. 2020-21-இல் இப்படி நிரந்தர வேலையில்லாமல் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் காசு பெறுகிற 'கிக்' தொழிலாளர்கள் நாட்டில் 77 லட்சம் பேர், 2029-30-இல் 2.35 கோடி ஆவார்கள் என்று நிதி ஆயோக் 2022-இல் மதிப்பிட்டது. அவர்கள் சம்மதித்தது செல்போனில் 'ஏற்கிறேன்' என்ற ஒரு பொத்தானில். கூலி விகிதம் மாறும்போது மறுபடி அதே பொத்தான். நம் மாணவர்களில் சிலர் மாலையில் அந்த வேலைக்குப் போகிறார்கள். காலையில் நாம் சொல்லித்தரும் சம்மதத்தையும் மாலையில் அவர்கள் அழுத்தும் பொத்தானையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒரு மணி நேரம் கொடுத்தால் என்ன?

'இதெல்லாம் அரசியல், பொருளியல் இல்லை' என்று குழுவில் ஒருவர் சொல்வார். இருவரும் சம்மதித்தால் போதும் என்பதும் ஓர் அறநிலைப்பாடுதான். அது வரைபடத்துக்குள் இருப்பதால் அறிவியல் போலத் தெரிகிறது. நான் அதை நீக்கச் சொல்லவில்லை. நோசிக்கைச் சேர்க்கச் சொல்வதும் நான்தானே.

எனவே கேட்பது இவ்வளவுதான். நுண்ணினப் பொருளியலில் கூலி நிர்ணய அலகில் ஸ்மித்தின் எட்டாம் அத்தியாயத்திலிருந்து முதலாளி, தொழிலாளி பேரம் வருகிற சில பக்கங்களைக் கட்டாய வாசிப்பாக வையுங்கள், அதோடு அம்பேத்கரின் 1947 பகுதியையும். வணிகச் சட்டத்தில் சம்மதம் வருகிற இடத்தில் 1982 தீர்ப்பின் 23-ஆம் பிரிவு பற்றிய பத்திகளைச் சேருங்கள். நோசிக்கும் கோஹனும் ஒரு வகுப்பு விவாதத்துக்குப் போதும். அதை உள்மதிப்பீட்டில் வைத்துக்கொள்ளலாம், நாம் கொடுக்கிற அசைன்மெண்ட்களைவிட அது மோசமாக இருக்காது. வணிக அறவியல் தாளில் இரண்டு சதவீதப் பாடம் இருக்கட்டும், ஆனால் அது கடைசி அலகுக்குப் போகட்டும். தமிழில் படிக்கும் மாணவர்களுக்கு அம்பேத்கர் எழுத்துகள் மொழிபெயர்ப்பாகக் கிடைக்கின்றன. தீர்ப்பின் அந்தப் பத்திகளையும் ஸ்மித்தின் பக்கங்களையும் எளிய தமிழில் எழுதித்தர நானும், விருப்பமுள்ள வேறு ஆசிரியர்களும் தயார். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்தால், தேதி சொல்லுங்கள், வரைவோடு வருகிறேன்.

இப்படிக்கு,
வணிகவியல் ஆசிரியர் ஒருவர்